கண்புரை ‘முற்ற’ வேண்டியதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

இலவசக் கண் சிகிச்சை முகாம் பற்றிய அறிவிப்புகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. நாள், இடம், நேரம், நடத்துபவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். யார் வர வேண்டும், எந்த நிலையில் வர வேண்டும், கையோடு என்ன கொண்டுவர வேண்டும் என்பது மட்டும் இருக்காது. போன வருடமே வந்திருக்க வேண்டியவர் இந்த வருடமும் வீட்டிலேயே இருக்கிறார். வருகிறவரும் மாத்திரைச் சீட்டை மறந்துவிட்டு வருகிறார். ‘புரை இன்னும் முற்றவில்லை, முற்றட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சுதான் இதில் பெரிய தடை. அதைப் பற்றியே முதலில் எழுதுகிறோம்.

அந்தப் பேச்சு முட்டாள்தனமாகப் பிறந்ததல்ல. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். அன்றைய அறுவை சிகிச்சையில் கண்ணின் இயற்கை லென்ஸை அதன் உறையோடு முழுசாக வெளியே எடுத்துவிடுவார்கள். அதன் இடத்தில் வைக்க வேறொன்று கிடையாது. பிறகு ஆயுளுக்கும் பிளஸ் 10 பவரில் சோடாபுட்டிக் கண்ணாடிதான். அதைப் போட்டால் பொருள்கள் கால் பங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியும்; பக்கவாட்டில் வருவது தெரியாது; படியில் கால் வைத்தால் தரை வேறிடத்தில் இருக்கும். ஓரளவு பார்க்கிற கண்ணை அந்த நிலைக்குக் கொண்டுபோவது நஷ்டம். ஏறக்குறைய குருடாகும்வரை காத்திருப்பதே அன்று நியாயமான யோசனை.

1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் பொருத்தத் தொடங்கினார். போரில் விமானிகளின் கண்ணில் புகுந்த பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாமல் கிடந்ததைக் கவனித்ததில் பிறந்த யோசனை அது. 1967-ல் அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன், புரையை அல்ட்ராசவுண்ட் அதிர்வால் உடைத்து உறிஞ்சும் பாக்கோ முறையைக் கொண்டுவந்தார். 1992-ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் நிறுவனம் தொடங்கி, வெளிநாட்டு லென்ஸின் விலையில் சிறு பங்குக்கு இங்கேயே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்தது. அறுவை சிகிச்சை முழுக்க மாறிப்போனது. வீட்டுத் திண்ணை ஆலோசனை மட்டும் பழைய சோடாபுட்டிக் காலத்திலேயே நிற்கிறது.

இன்று காத்திருப்பதால் நடப்பது வேறு. கண்மணிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் 9, 10 மில்லிமீட்டர் அகலமே உள்ள, தண்ணீரும் புரதமும் சேர்ந்த ஒரு பொருள். உடம்பின் மற்ற இடங்களில் பழைய செல் உதிர்ந்து புதியது வரும். லென்ஸில் எதுவும் உதிராது. தாயின் வயிற்றில் உருவான நார்களே நடுவில் இருக்க, மேலே மேலே புதிய அடுக்கு சேர்ந்துகொண்டே போகும். அறுபது வருட வெளிச்சத்தையும் சர்க்கரையையும் புகையையும் அதே புரதம் தாங்க வேண்டும். தாங்க முடியாதபோது புரதங்கள் கட்டிதட்டி, முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது வெளுப்பதுபோல் வெளுக்கின்றன. அவித்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியாது. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று விற்கப்படுவது எதுவானாலும் அதை நாங்கள் நம்பச் சொல்ல மாட்டோம். அப்படி நிரூபிக்கப்பட்ட மருந்து இதுவரை கிடையாது. தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு ஆகியவையும் புரையைத் தொடாது. கருவிழியில், அதாவது கண்ணின் முன்னாலுள்ள கண்ணாடி போன்ற படலத்தில், கிருமி ஏற்றுவதற்குத்தான் வழி செய்யும்.

முற்ற விட்டால் லென்ஸின் நடுப்பகுதி பழுப்பாகிக் கல்போல் கெட்டிப்படும். அதை உடைக்க அதிக அல்ட்ராசவுண்ட் தேவைப்படும். அந்த அதிர்வு கருவிழியின் உட்புறச் செல்களைக் கொல்லும். அந்தச் செல்கள் திரும்ப வளர்வதில்லை. எண்ணிக்கை மிகவும் குறைந்தால் கருவிழி நீர்கோத்து மங்கிவிடும். லென்ஸைத் தொங்கவிட்டிருக்கும் நுண்ணிய இழைகளும் நாளாக ஆகத் தளர்கின்றன. கண் முழுக்க வெள்ளையாகிவிட்டால் இன்னொரு சிக்கல்: பின்னாலுள்ள விழித்திரை நன்றாக இருக்கிறதா என்று மருத்துவரால் எட்டிப் பார்க்க முடியாது. ஸ்கேன் எடுத்து, டார்ச் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டு, ஊகிக்க வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் மேலான ஆபத்து அழுத்தம். முற்றிய லென்ஸ் நீர்கோத்து வீங்கி முன்னே தள்ளும்; கண்ணுக்குள் ஊறும் திரவம் வெளியேறும் மூலை அடைபடும். இல்லாவிட்டால் லென்ஸ் உள்ளேயே கூழாகி, உறை வழியே கசிந்து அதே வடிகாலை அடைக்கும். பொதுவாக 10-லிருந்து 21-க்குள் இருக்க வேண்டிய கண் அழுத்தம் 40, 50 என்று ஏறும். கண் சிவக்கும், பாதித் தலை பிளக்கும், வாந்தி வரும். வாந்தியைப் பார்த்துவிட்டுப் பித்தம் என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ மாத்திரை போட்டு இரண்டு நாள் படுத்துவிடுகிறார்கள். அந்த இரண்டு நாளில் பார்வை நரம்பு போனால் பிறகு எந்த லென்ஸை வைத்தும் பயனில்லை. ஒரு கண்ணை ஆபரேஷன் செய்துகொண்டு, ‘இந்த ஒன்று போதும்’ என்று மற்றதை வருடக்கணக்கில் விட்டுவிடுபவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

இதன் பொருள் புரை என்று எழுதிக்கொடுத்த மறுநாளே ஓட வேண்டும் என்பதல்ல. எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது; கண்ணாடி மாற்றினாலே தெளிவாகப் பார்க்கக்கூடிய ஆரம்ப நிலைக் கண்ணுக்கும் ஆபரேஷன் தேதி குறிக்கப்படுகிறது. சரியான கண்ணாடி போட்ட பிறகும் பஸ் நம்பர் தெரியவில்லை, அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை, படியின் விளிம்பு தெரியவில்லை, எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசிப் பாதையே மறைகிறது என்றால் அதுதான் நேரம். சீட்டில் 6/60 என்று இருந்தால் நல்ல கண் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறார் என்று பொருள். 6/12-லேயே இரவில் வண்டி ஓட்டுபவருக்கு ஆபரேஷன் தேவைப்படலாம். வீட்டோடு இருப்பவர் அதே 6/12-ல் இரண்டு வருடம் நிம்மதியாக இருக்கலாம். சீட்டில் இருக்கும் எண்ணோடு அவர் செய்யும் வேலையையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

புரை எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். நடுவில் வரும் புரை கிட்டப்பார்வைப் பக்கம் பவரைத் தள்ளும். வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கமாட்டாதவர் திடீரென்று கண்ணாடி இல்லாமல் படிப்பார். வீட்டில் எல்லோரும் ‘தாத்தாவுக்குப் பார்வை திரும்பிவிட்டது’ என்று மகிழ்வார்கள். அது புரையின் வருகை. சில மாதங்களில் அந்தச் சலுகையும் போய்விடும். லென்ஸின் பின்புறத்தில் படரும் புரையோ நேர்மாறு. மங்கிய வெளிச்சத்தில் ஓரளவு தெரியும், நல்ல வெயிலில் தெரியாது, படிப்பது சீக்கிரம் கெடும். இது நாற்பது வயதிலும் வரும், வேகமாகவும் வளரும். சர்க்கரை நோயாளிகளிடமும் ஸ்டீராய்டு பயன்படுத்துபவர்களிடமும் அதிகம் காண்பது இதைத்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி பவர் மாறுவதும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் நிலா இரண்டாகத் தெரிவதும் புரையின் அடையாளங்களே. வலி, சிவப்பு, பீளை ஆகியவை சாதாரணப் புரையின் அறிகுறிகள் அல்ல. அவை வந்தால் வேறு ஏதோ நடக்கிறது.

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். மாதம் ஒருமுறை, போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, பத்தடி தள்ளி நின்று தினக் காலண்டரைப் பாருங்கள். பிறகு மற்ற கண். அப்படியே ஜன்னல் கம்பியையும் பாருங்கள். நேர்க்கம்பி வளைந்தோ நடுவில் அறுந்தோ தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் லென்ஸில் இல்லை, விழித்திரையின் மையத்தில். அதற்கு அவசரம் அதிகம்.

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்கள் மருத்துவரிடம் சொல்லத் தவறும் விஷயங்களில் முதலாவது, ப்ராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின் மாத்திரை. ‘மூத்திர மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்’ என்று தோன்றும். அந்த மாத்திரை ஐரிஸின், அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரையின், தசையைத் தளர்த்திவிடும். ஆபரேஷன் நடுவில் கண்மணி சுருங்கி ஐரிஸ் படபடக்கும். நிறுத்திவிட்டு வந்தாலும் விளைவு போகாது, ஆகவே நிறுத்த வேண்டாம், சொன்னால் போதும். மருத்துவர் தயாராக இருப்பார். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளையும் தாமாக நிறுத்தக் கூடாது. சர்க்கரை அளவில் 200, 250 என்று எல்லை மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். அதற்கு மேல் இருந்தால் தேதி தள்ளிப்போகும். அதற்குப் பயந்து முதல் நாள் பட்டினி கிடந்து, மேசையில் படுத்ததும் சர்க்கரை இறங்கி வியர்த்துப் போகிறவர்கள் உண்டு. மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையை ஒரே நாள் பட்டினியால் ஏமாற்றவும் முடியாது. சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால், முடிந்தவரை அதற்கான சிகிச்சையைப் புரைக்கு முன்பே பார்ப்பது நல்லது.

லென்ஸ் பவர் கணக்கிடும் சோதனையில் கண்ணின் நீளத்தை அளப்பார்கள். சராசரி 23.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கண்ணாடி பவர் இரண்டரை, மூன்று வரை தவறிப்போகும். அந்தச் சோதனையில் ‘அசையாதீர்கள், நேராகப் பாருங்கள்’ என்று சொல்வது வெறும் கண்டிப்பு அல்ல. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் முன்கூட்டியே கழற்றி வைத்திருக்க வேண்டும். எத்தனை நாள் என்று மருத்துவமனை சொல்லும்.

பணம் செலுத்துமிடத்தில் குடும்பத்தினர் திணறுவது லென்ஸ் விலைப்பட்டியலைப் பார்த்துத்தான். சுருக்கமாகச் சொல்கிறோம். மோனோஃபோகல் லென்ஸ் ஒரு தூரத்துக்குத் தெளிவு தரும். வழக்கமாகத் தூரப் பார்வைக்கு வைப்பார்கள், படிக்கக் கண்ணாடி வேண்டும். பெரும்பாலோருக்கு இதுவே போதும். கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாமல், அதனால் ஒன்றுக்கு மேல் சிலிண்டர் பவர் இருப்பவர்களுக்கு டோரிக் லென்ஸ் உண்மையிலேயே பயன் தரும். மல்டிஃபோகல் லென்ஸ் கண்ணாடித் தேவையைக் குறைக்கும். பதிலுக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், மங்கலான வெளிச்சத்தில் தெளிவு குறையும். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயோ விழித்திரைக் கோளாறோ இருப்பவர்களும் இரவில் வண்டி ஓட்டுபவர்களும் அதைத் தவிர்ப்பதே நல்லது. ‘லேசர் ஆபரேஷன்’ என்று பலரும் சொல்வது பெரும்பாலும் பாக்கோதான். அதில் லேசர் இல்லை, நொடிக்குச் சுமார் 40,000 முறை அதிரும் ஊசி இருக்கிறது. உண்மையான ஃபெம்டோ லேசர் வேறு. அதற்குச் செலவு அதிகம், ஆனால் தேர்ந்த கையால் செய்யும் பாக்கோவைவிடப் பார்வை மேம்படுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. பாக்கோவில் வெட்டு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. முகாம்களில் அதிகம் செய்யும் சிறுதுளை அறுவை சிகிச்சையில் 6, 7 மில்லிமீட்டர். அதற்கும் தையல் கிடையாது, கெட்டியான புரைக்கு அதுவே பாதுகாப்பாகவும் இருக்கும். இலவசம் என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

கத்திரி வெயிலில் கூடாது, தை பிறக்கட்டும் என்று தள்ளுவதற்கும் காரணமில்லை. வெட்டு ஆறுவதற்குப் பருவம் கிடையாது.

ஆபரேஷனுக்கு முதல் நாளே தலைக்குக் குளித்துவிட வேண்டும். மை, பொட்டு, விபூதி இல்லாமல் போக வேண்டும். காலையில் ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடக் கூடாது. இருமல் இருந்தாலும், கால் மணி நேரம் மல்லாந்து படுக்க முடியாத மூச்சுத்திணறல் இருந்தாலும் முன்பே சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் வெற்றி தோல்வி சொட்டு மருந்தில் இருக்கிறது. நான்கு முதல் ஆறு வாரம், ஒரு நாளைக்கு ஆறு முறையில் ஆரம்பித்து வாராவாரம் குறைத்துக்கொண்டு வருவது வழக்கமான முறை. உங்கள் சீட்டில் உள்ளதைத்தான் பின்பற்ற வேண்டும். சோப்பால் கை கழுவி, தலையைச் சாய்த்து, கீழிமையைப் பிடித்து இழுத்தால் ஒரு சிறு பை தெரியும். அதில் ஒரே ஒரு சொட்டு. கண் கொள்வதே ஒரு சொட்டுக்கும் குறைவு. இரண்டாவது சொட்டு கன்னத்துக்குப் போகிறது. குப்பியின் மூக்கு இமையில் படக் கூடாது. விட்டபின் கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய மூலையை ஒரு நிமிடம் விரலால் அழுத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்காது, கசப்பும் தெரியாது. ஆபரேஷன் ஆன கண்ணாகையால் விரல் மூக்கெலும்பின் மேல் இருக்கட்டும், விழியின் மேல் அல்ல. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. திறந்து ஒரு மாதமான குப்பியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கொடுக்காதீர்கள்.

கண்ணில் தண்ணீர் படக் கூடாது, இரவில் கவசம் வேண்டும், கனம் தூக்கக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது. கிணறு குளத்தில் குளிப்பதை ஒரு மாதம் நிறுத்த வேண்டும். மற்றபடி டிவி பார்க்கலாம். கத்திரிக்காய், தயிர், மீன் என்று பத்தியம் போட்டுச் சர்க்கரை நோயாளியைக் கஞ்சியிலேயே வைத்திருப்பதில் பயனில்லை. காயம் ஆற அவருக்குப் புரதம்தான் வேண்டும். முதல் சில நாள் வெள்ளை வேட்டி நீலம் போட்டதுபோல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பல வருடமாக மஞ்சள் திரை வழியே பார்த்த கண் இப்போதுதான் வெள்ளையைப் பார்க்கிறது.

பயப்பட வேண்டியது, நன்றாக இருந்த கண்ணில் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ வலி கூடுவதும், சிவப்பு ஏறுவதும், பார்வை இறங்குவதும். அது கண்ணுக்குள் கிருமி புகுந்ததன் அடையாளமாக இருக்கலாம். இப்போது ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் செலுத்தும் வழக்கம் பரவியிருப்பதால் இது மிக அரிது. ஆனால் வந்துவிட்டால் மணிக்கணக்குதான். ‘திங்கட்கிழமை போகலாம்’ என்று ஞாயிறு முழுவதும் இருக்கக் கூடாது. திடீரென்று கரும்புள்ளிகள் பறப்பதும், மின்னல் வெட்டுவதும், ஓரத்திலிருந்து திரை இறங்குவதும் விழித்திரை கழல்வதைக் காட்டும். அதற்கும் அன்றைக்கே போக வேண்டும்.

சில மாதங்களோ வருடங்களோ கழித்து மறுபடி மங்கினால் ‘புரை திரும்பிவிட்டது, ஆபரேஷன் சரியில்லை’ என்கிறார்கள். எடுத்த புரை திரும்ப வராது. லென்ஸை ஏந்தியிருக்கும் பின்னுறை மங்கியிருக்கும். யாக் லேசரால் அதில் ஒரு துவாரம் போடுவது சில நிமிட வேலை, வெட்டு இல்லை. இங்கே மட்டும் லேசர் என்ற சொல் சரி.

புரை வராமலே தடுக்க முடியுமா என்றால், முழுக்க முடியாது, தள்ளிப்போட முடியும். புகைப்பதை நிறுத்துவதும், சர்க்கரையைக் கட்டில் வைப்பதும், வெயிலில் வேலை செய்பவர்கள் விளிம்புள்ள தொப்பியோ தலைக்குக் குடையோ பயன்படுத்துவதும் பலன் தரும். கறுப்புக் கண்ணாடி வாங்கினால் ‘யுவி 400’ என்று இருக்கிறதா பாருங்கள். அது இல்லாத வெறும் கறுப்புக் கண்ணாடி கண்மணியை விரியச் செய்து புற ஊதாக் கதிரை இன்னும் அதிகமாக உள்ளே விடக்கூடும். முருங்கைக்கீரையும் பப்பாளியும் கண்ணுக்கு நல்லவைதான், புரையைக் கரைக்க அல்ல. விலை கூடிய வைட்டமின் மாத்திரைகளும் புரையைத் தடுப்பதாக 2001-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் தெரியவில்லை.

எங்களை உண்மையிலேயே கோபப்படுத்துவது ஸ்டீராய்டு சொட்டு மருந்து. கண் அரிப்புக்கு ஒருமுறை எழுதிக்கொடுத்த டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் குப்பியைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வருடக்கணக்கில் வாங்கிப் போடுகிறார்கள். அரிப்பு உடனே அடங்குவதால் நல்ல மருந்து என்று பெயர். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இப்படிப் போடுகிறார்கள். சத்தமில்லாமல் கண் அழுத்தம் ஏறும், பின்புறப் புரை படரும். புரையை எடுத்துவிடலாம், அழுத்தத்தால் போன நரம்பை மீட்க வழியே இல்லை. மருந்துக் கடைக்காரர்கள் சீட்டு இல்லாமல் இதைத் தருவதை நிறுத்தினால் பல கண்கள் பிழைக்கும். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

நாற்பது தாண்டியவர்கள் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கண் அழுத்தமும் நரம்பும் பார்க்கும் முழுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கிளாக்கோமா இருந்தால் வருடம் தவறக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் நோய் தெரிந்த வருடத்திலிருந்தே, பார்வை நன்றாக இருந்தாலும், சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பவர் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இனி முகாம் அறிவிப்பு வரும்போது, நடத்துபவர்களின் பெயர்களுக்குக் கீழே இந்த நாலு வரிக்கும் இடம் கொடுங்கள்: ‘புரை முற்றியிருக்க வேண்டியதில்லை. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், பழைய கண்ணாடியையும், முன்பு ஒரு கண் ஆபரேஷன் ஆகியிருந்தால் அந்த லென்ஸ் அட்டையையும் கொண்டுவரவும். காலை உணவும் வழக்கமான மாத்திரையும் சாப்பிட்டுவிட்டு வரவும். கண்ணில் மருந்து விட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கும். துணைக்கு ஒருவர் வரவும், வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டாம்.’

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர்கள் சிலர்,
திண்டுக்கல் மாவட்டம்